இடது முழங்கால்

இருபத்தொன்பதாம் வருடத்து ஃபோர்டு.
கதவும் மூக்கும் இரும்பு. தலை மட்டும் துணி.
அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய தகட்டை
ஒரே அழுத்தில் வளைக்கத் தெரியாதாம்.
மரச்சட்டம், கோழிவலை, பஞ்சு,
மேலே ரெக்சின்.
அவ்வளவுதான் வானத்துக்கும் எனக்கும் நடுவில்.

மழை பெய்தால்
ஓட்டுகிறவரின் இடது முழங்காலில் சொட்டும்.
சரியாக அங்கே.
தேன் டின்களோடு துராஸ்னோ சந்தைக்குப் போய்ச்
சேர்வதற்குள் ஒரு கால் நனைந்தவளாக இறங்குவேன்.
"இன்றைக்கும் ஒற்றைக்கால் ஞானஸ்நானமா?" என்பான்
தராசுக்கார வால்டெமார்.

பிப்ரவரியில் பிரித்தேன்.
குறடால், ஆணி ஆணியாக.
நாற்பதுக்குமேல் எண்ணவில்லை.
ரெக்சினுக்கடியில் தார். தாருக்கடியில் கித்தான்.
கித்தானுக்கடியில் மறுபடி தார்.
எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர்கள் எல்லோரும்
ஓட்டை இங்கேதான் என்று
ஆளுக்கோர் இடத்தில் ஊற்றியிருக்கிறார்கள்.
பஞ்சுக்குள் ஓர் எலி
இருக்கையைப் பிய்த்து மெத்தை போட்டிருந்தது.
குடும்பம் எப்போதோ காலி செய்துவிட்டது.

வலை வரைக்கும் தனியாள் வேலை.
துணி இழுக்க இன்னோர் ஆள் வேண்டும்.
எதிர்ப்பக்கம் நின்று
நான் இழுக்கிற அளவுக்கே இழுக்கிற ஆள்.
கூடினால் கோணும், குறைந்தால் சுருங்கும்.
யோசித்துப் பார்த்தேன்.
என் அளவுக்குப் பிடிவாதமாக இழுக்கிறவள்
இந்த மாகாணத்தில் ஒருத்திதான்.
ஆற்றோர நிலத்தை விற்ற நாளிலிருந்து
மூன்று வருடமாகத்
தங்கையின் எண் என்னிடம் இருக்கிறது,
குரல்தான் இல்லை.

ஒஃபேலியா வந்தாள்.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
எனக்கு ஊற்றித் தரவில்லை.
"எங்கே பிடிக்கணும்?"

துணியை வெயிலில் விரித்து வைத்திருந்தேன்,
சூடேறினால்தான் இளகும்.
முன்பக்கம் நடுவில் ஓர் ஆணி. பின்பக்கம் நடுவில் ஒன்று.
பிறகு அவள் பக்கம், என் பக்கம்.
நடுவிலிருந்து மூலைக்குத்தான் போகவேண்டும்.
மூலையில் தொடங்கினால்
மடிப்பு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு பேரும் வாய் நிறைய ஆணி வைத்திருந்தோம்.
நல்ல ஏற்பாடு.
தீரும்வரை யாரும்
நிலத்தைப் பற்றிப் பேச முடியாது.
ம் என்றால் இழு. ம்ம் என்றால் போதும்.
ஒருமுறை வேண்டுமென்றே வெடுக்கென இழுத்தாள்.
நான் விடவில்லை.
வண்டிக்குக் குறுக்கே
குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு
நின்றோம் கொஞ்ச நேரம்.
அந்த இழுப்பில்தான் பின்மூலைச் சுருக்கம் போனது.
சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசி ஆணியை நாக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.
ஈரமாக இருந்தது.
அப்படியே அடித்தேன்.

கூரை பறைத்தோல்போல் விறைத்திருந்தது.
சுண்டிப் பார்த்தாள். இன்னொரு முறை சுண்டினாள்.
விளிம்புப் பட்டை அடித்து முடிப்பதற்குள்
தென்மேற்கே இருட்டியது.
டின்கள் இல்லாமல், வேலை எதுவும் இல்லாமல்
மழைக்குள் ஓட்டிக்கொண்டு போனோம்,
பாலம் வரைக்கும்.
அவள்தான் ஓட்டினாள்.
கேட்காமலே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தலைக்குமேல்
யாரோ மூட்டை மூட்டையாகப் பயறு கொட்டினார்கள்.
உள்ளே ஒரு மணி விழவில்லை.
எனக்கு ஒரே பெருமை.
அதைக் காட்டாமலிருக்க
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாலத்துக்கு நூறடி முன்னால்,
சொட்.
அவளுடைய இடது முழங்காலில்.

வண்டியை நிறுத்தினாள்.
நிமிர்ந்து கூரையைப் பார்க்கவே இல்லை.
முன்கண்ணாடி தொங்குகிற மேல் கீலில் விரலை வைத்தாள்.
விரல் நனைந்தது.

இத்தனை தார்.
கூரை ஒழுகவே இல்லையோ என்னவோ.

"ரப்பர் பட்டை," என்றாள். "முந்நூறு பெசோ."
அப்புறம் சிரித்தாள்.
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நிலத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை.
திரும்பும்போது நான் ஓட்டினேன்.
மாத்தேயை நிரப்பி என் பக்கம் நீட்டினாள்.
இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன.
வளைவு முடியட்டும் என்றேன்.
சொட்.